ஏரி பார்த்த அறை

ஏற்காடு
20-1-2025

அன்புள்ள ஸ்ரீ,

'அன்புள்ள' என்று எழுதும் மனநிலையில் நான் இல்லை. முப்பது வருடப் பழக்கத்தில் பேனா தானாக எழுதிவிட்டது. அடிக்க மனமில்லாமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ அழுவாய். நான் "சரி, விடுடி" என்பேன். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துப்போய்விட்டது. கடிதத்தில் நீ அழுதால் எனக்குக் கேட்காது. அதனால்தான் இந்தக் காலத்தில் ஸ்பீட் போஸ்டைத் தேடிப் பிடித்திருக்கிறேன்.

சென்ட்ரலில் உனக்கும் சேர்த்து இட்லி வாங்கிக்கொண்டு, உனக்கு ஜன்னல் சீட்டு என்று துண்டு போடாத குறையாகக் காத்திருந்தேன். ரயில் கிளம்பும் நேரத்துக்குக் கூப்பிட்டு என்ன சொன்னாய்? "ஷகி, வேம்புவோட கண் ஆபரேஷனை முன்னாடியே வெச்சுட்டாடி. நாளைக்கே. எங்காத்துலதான் இருக்கப்போறா. நான் எப்படிடி வரது?"

உன் நாத்தனாருக்கு அசோக் நகரில் சொந்த வீடு இருக்கிறது. மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள். கண்ணில் மருந்து விட்டுக்கொள்ள மயிலாப்பூருக்கு உன்னிடம்தான் வரவேண்டுமா? கேட்டால் "அவாளுக்கெல்லாம் பொறுமை கிடையாது" என்பாய். உன் இட்லியையும் நானே சாப்பிட்டேன். சேலம் வரை நெஞ்சைக் கரித்தது.

போகட்டும். நீ எதை விட்டாய் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகவே விவரமாக எழுதுகிறேன். அறை ஏரியைப் பார்த்தபடி இருக்கிறது. காலையில் திரையை விலக்கினால் தண்ணீர் தெரியாது, வெறும் பனி. கொஞ்சம் கொஞ்சமாக அது விலகி, முதலில் படகுத்துறை, பிறகு மரங்கள், பிறகு ஏரி. நேற்று ஊருக்கு மேலே காப்பித் தோட்டத்து வழியாக வெகுதூரம் நடந்தேன். செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. மல்லிகை மாதிரி வாசனை. மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உச்சி வரைக்கும் போகிறது. உனக்குப் பிடித்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயர் சொல்லி என் உயிரை எடுத்திருப்பாய்.

சாப்பாடு பிரமாதம். நாட்டுக்கோழிக் குழம்பில் அவ்வளவு மிளகு. நீ அதைத் தொடமாட்டாய், சரி. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இருக்கிறதே, அதைச் சாப்பிட்டிருப்பாய் அல்லவா? தட்டு வடை செட் என்று ஒன்று விற்கிறார்கள். இரண்டு தட்டைக்கு நடுவே கேரட், பீட்ரூட், சட்னி. உன் பங்கையும் சேர்த்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

வேம்புவின் கண் நன்றாகத் தெரியட்டும். மனதாரத்தான் சொல்கிறேன்.

கோபம் ஆறாத
ஷகீலா


மயிலாப்பூர்
23-1-2025

என் அருமை ஷகி,

உன் கடிதம் வந்தது. நீ திட்டினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் ஒரு சந்தோஷம். நம் பள்ளிக்கூட அறிக்கைப் புத்தகத்தில் ஹெச்.எம்மைப் பார்த்துக் கோபமாக எழுதுவாயே, அதே சாய்வு. 'அன்புள்ள' என்பதை அடிக்காமல் விட்டதற்கு நன்றி.

நான் என்ன செய்யட்டும் சொல். வேம்பு டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சாயங்காலம் ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து, சீரியலில் யார் அழுகிறார்கள், யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி ஊஞ்சலில் இருக்கிறாள். நேற்று நான் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். "மன்னி, அவ அறைஞ்சாளா இல்லையா, சொல்லுங்கோ!" என்று போட்டாள் ஒரு சத்தம். கீழ்வீட்டுக்காரர்கள் பயந்துபோய் மேலே வந்துவிட்டார்கள்.

இவரோ ரிடையர் ஆனதிலிருந்து சமையலறையை ஏதோ வெளிநாடு மாதிரி வாசலில் நின்றே பார்க்கிறார். "ஸ்ரீ, டம்ளர் எங்கே?" டம்ளர் கண்ணுக்கு முன்னால் கவிழ்த்து வைத்திருக்கிறது. நான் எடுத்துக் கையில் கொடுத்தால்தான் அது டம்ளர். காய் வாங்கி வரச் சொன்னால் லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள், எப்படிப் போவது என்கிறார். ஊரே அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் காய் வாங்குகிறது.

நீ சொன்ன ஏரி, பனி, மிளகுக்கொடி எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். வயிற்றெரிச்சலாக இருக்கிறது, போதுமா? அடுத்த தடவை கண்டிப்பாக வருகிறேன். வேம்பு சரியாகட்டும், நாமே தேதி குறித்துப் போகலாம். இது சத்தியம்.

வரும்போது மிளகு வாங்கி வா. குளிர் அதிகமாக இருந்தால் காதைக் கட்டிக்கொள். வழுக்கும் இடத்தில் பார்த்து நட.

போனை எடுடி.

உன்
ஸ்ரீ


ஏற்காடு
26-1-2025

ஸ்ரீ,

'அடுத்த தடவை' என்ற வார்த்தையைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க ஒரு நாள் ஆயிற்று.

கொடைக்கானலுக்கு அறை பதிவு செய்தோம், உன் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம் என்றாய். அது நியாயம். நானும்தான் ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏலகிரி. உன் மகன் சாய்சரண் பெருங்குடிக்கு வீடு மாற்றுகிறான், சாமான் கட்ட ஆள் வேண்டும் என்றாய். ஐ.டி. கம்பெனியில் ஒரு படையையே நிர்வாகம் செய்கிறவனுக்குத் தன் வீட்டுப் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றத் தெரியாது என்று சொன்னாய் பார், அப்போதும் "சரி, விடுடி" என்றேன். இப்போது வேம்பு. மூன்று முறையும் நான் பெட்டி கட்டினேன், நான் பெட்டி பிரித்தேன்.

இங்கே இன்னும் சில நாள் கூடுதலாகத் தங்கப்போகிறேன். அவ்வளவு பிடித்துவிட்டது. நேற்று ஒரு மலைக்கிராமத்துக்கு நடந்து போனேன். வழியில் ஓர் ஓடை, அதன்மேல் கல்பாலம். ஒரு வீட்டில் வாசலில் உட்காரவைத்துக் கேழ்வரகுக் களியும் கீரையும் போட்டார்கள். திரும்பி வரும்போது ஏரியில் விளக்கு விழ ஆரம்பித்துவிட்டது. தனியாகத்தான் நடந்தேன். தனியாக நடப்பது சுகம்தான் என்று இப்போது தெரிகிறது.

ஸ்ரீ, எரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள், ஆனால் படி. நீ வராததற்குக் காரணம் வேம்பு இல்லை. உன் வீட்டுக்காரரும் இல்லை. உனக்குப் பயம். நீ இல்லாமல் அந்த வீடு ஒரு வாரம் ஒழுங்காக நடந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம். அதனால்தான் டம்ளரை எடுத்து எடுத்துக் கையில் கொடுக்கிறாய். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

ஷகீலா


மயிலாப்பூர்
29-1-2025

ஷகீலாவுக்கு,

உன் கடிதத்தை இவர் பார்த்துவிடக் கூடாதே என்று அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன். அவ்வளவு நல்ல கடிதம் எழுதியிருக்கிறாய்.

எனக்குப் பயம் என்கிறாய். இருக்கட்டும். ஒரு வீடு என்றால் காலையில் பால் பொங்குவதிலிருந்து ஒவ்வொன்றும் யாராவது நின்று பார்த்தால்தான் நடக்கும். அது உனக்குப் புரியாது. உனக்குப் பூட்டைப் பூட்டினால் போதும், கிளம்பிவிடலாம். காத்திருக்கவோ, தேடவோ உன் வீட்டில் யாரும் இல்லை. குழந்தை குட்டி என்று இருந்திருந்தால் இப்படி எழுதமாட்டாய்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு சுகமாக இரு. தனியாக நடப்பது அவ்வளவு பிடித்திருந்தால் என்னை எதற்குக் கூப்பிட்டாய்?

வேம்புவுக்குச் சொட்டு மருந்து விடும் நேரம். நிறுத்துகிறேன்.

ஸ்ரீலக்ஷ்மி வேதாந்தம்


கோட்டூர்புரம்
4-2-2025

ஸ்ரீலக்ஷ்மிக்கு,

ஊர் திரும்பிவிட்டேன். நீ கேட்ட மிளகைக் கொரியரில் அனுப்பியிருக்கிறேன். வெயிலில் ஒரு நாள் காயவைத்துவிட்டு டப்பாவில் போடு.

உன் கடிதம் ஓட்டலுக்கு வந்து சேர்ந்தது. நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீட்டில் நான் திறந்தால்தான் கதவு, நான் போட்டால்தான் விளக்கு. உண்மைதான். இத்தனை வருடத்தில் நீ அதைச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இனிமேல் உன்னை எங்கும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன். உனக்கும் சொல்லக் காரணம் தேட வேண்டியிருக்காது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ஷகீலா


ஏற்காடு
9-7-2025

ஷகி,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பாய். சரியாகத்தான் படித்திருக்கிறாய். நான் ஏற்காட்டில் இருக்கிறேன். அதே ஓட்டல். தனியாக.

ஐந்து மாதமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உன் மிளகை வெயிலில் வைத்து எடுத்தேன். நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. அவ்வளவு வீம்பு. எப்படி இங்கே வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன்னைத் திட்டுகிறேன். திட்ட நிறைய இருக்கிறது.

போன மாதம் மருமகள் மஹதிக்கு டைஃபாய்டு. பெருங்குடிக்குப் போய் இரண்டு வாரம் அங்கேயே இருந்தேன். தினமும் இவருக்குப் போன் செய்து, பால் வாங்கினேளா, கேஸை மூடினேளா என்று கேட்பேன். "எல்லாம் ஆச்சு, நீ அவளைக் கவனி" என்பார். பொய் சொல்கிறார், ஓட்டலில்தான் சாப்பிடுகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்த அன்றைக்கு ஆட்டோவை விட்டு இறங்கி மாடிப்படி ஏறும்போதே ரசம் கொதிக்கிற வாசனை. உள்ளே போனால் பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. மேடை துடைத்திருக்கிறது. "உக்காரு, களைச்சுப்போய் வந்திருக்கே" என்று காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஷகி, அது என் காப்பியைவிட நன்றாக இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. முப்பத்தைந்து வருடம்! "எப்போ கத்துண்டேள்?" என்று கேட்டேன். "கத்துக்க என்ன இருக்கு, நீ பண்றதை வாசல்ல நின்னு பார்த்துண்டுதானே இருக்கேன்" என்கிறார். அப்புறம் ஏன் டம்ளர் எங்கே என்று கேட்டு என் பிராணனை வாங்கினீர்கள் என்று கத்தினேன். கொஞ்சம் யோசித்தார். "கேட்டா நீ வந்து எடுத்துக் குடுப்பே. உனக்கு அது பிடிக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அன்றைக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை. நீ எழுதியதை அரிசி டிரம்மிலிருந்து எடுத்துப் படித்தேன். நீ சொன்னது சரி. அதற்காகவே உன்மேல் இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் காலையில், ஏற்காடு போகப்போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏன், அங்கே யாருக்கு உடம்பு சரியில்லே?" என்று கேட்டார்.

அதைக் கேட்டதும் ரயில் டிக்கெட்டை எடுத்துவிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ இருந்த அறையே வேண்டும், ஏரி பார்த்த அறை, போன ஜனவரியில் ஷகீலா டீச்சர் தங்கினார்களே என்று கேட்டு வாங்கினேன். திரையை விலக்கினால் ஜெனரேட்டர் ஷெட். அதன் தகரக் கூரைக்கு மேலே, கழுத்தை ஒடித்துப் பார்த்தால், ஒரு விரல் அகலத்துக்கு ஏரி. கரண்ட் போனால் கட்டிலே நடுங்குகிறது. ஓட்டல் சாப்பாடு என்று கேட்டால் நூடுல்ஸும் பன்னீரும்தான் உண்டு. சாமைச் சோறு என்று கேட்டேன், சர்வர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

சரி, வேறு ஓட்டலுக்கு வந்துவிட்டோமோ என்று குழம்பிக்கொண்டிருக்கும்போது, அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வந்தாள். புஷ்பம் என்று பெயர். நான் மயிலாப்பூர் என்று சொன்னதும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "கால் ஒடிஞ்ச டீச்சரம்மாவோட ஃபிரண்டா நீங்க? ஸ்ரீ அம்மாவா?" என்றாள்.

அவளை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொல் என்றேன்.

முழுக்கச் சொன்னாள். வந்த அன்றைக்கே படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்தாய். கணுக்காலில் எலும்பு விரிசல். புஷ்பம்தான் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள், மாவுக்கட்டு போட்டார்கள். அதன்பிறகு ஊருக்குப் போகிற வரைக்கும் நீ இந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓட்டல் சாப்பாடு உனக்குப் பிடிக்காமல் போய், அவள் வீட்டிலிருந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். சாயங்காலம் அவள் வேலை முடிந்ததும் உட்காரவைத்து, எந்த வழியாக வீட்டுக்குப் போவாய், வழியில் என்ன இருக்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வாயாம். "பாலத்தைத் தாண்டுனா யாரு வீடு வரும்னு அதுவரைக்கும் கேப்பாங்கம்மா. வலியில முகம் சுருங்கும், ஆனா கேட்டுக்கிட்டே இருப்பாங்க." கடிதத்தைத் தபாலில் சேர்த்ததும் அவள்தான்.

எருமை! வேறு என்ன சொல்ல? நீ இங்கே படுத்துக்கொண்டு ஜெனரேட்டரைப் பார்த்தபடி எனக்கு ஓடையும் கல்பாலமும் எழுதிக்கொண்டிருந்தாய். நான் அங்கே உனக்கு யாரும் இல்லை என்று எழுதினேன். அந்தக் கடிதம் உன் கைக்கு வந்தபோது நீ மாவுக்கட்டோடு இருந்தாய்.

ஜனவரியில் காப்பி பூக்காது, ஷகி. அது பழம் பறிக்கிற காலம். பங்குனி, சித்திரையில் மழை விழுந்தால்தான் பூ. முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். முதல் கடிதத்திலேயே பிடித்திருக்க வேண்டும். என் வயிற்றெரிச்சலில் கவனிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் அன்றைக்கே ராத்திரி பஸ் ஏறி வந்திருப்பேனே. வேம்புவையும் கறுப்புக் கண்ணாடியையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருப்பேன். உனக்குத் தெரியாதா?

பதில் எழுது. இங்கே சில நாள் இருப்பேன்.

ஸ்ரீ


கோட்டூர்புரம்
12-7-2025

ஸ்ரீ,

புஷ்பத்துக்கு வாய் ரொம்ப நீளம். சொல்லாதே என்று சொல்லித்தான் வந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். பதிலையும் நீயே எழுதியிருக்கிறாய். சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்திருப்பாய். அது எனக்குத் தெரியாதா என்ன? அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை இரவு என்னோடு உட்கார்ந்திருந்தாய். அவரை அடக்கம் செய்த அன்றைக்கு எங்கள் வீட்டில் அத்தனை சொந்தக்காரர்கள் இருந்தும், நான் தண்ணீர் குடித்தேனா என்று பார்த்தது நீதான். யாருக்காவது முடியவில்லை என்றால் நீ ஓடி வருவாய். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகாதபோது நீ ஒரு முறை என்னோடு வரவேண்டும். அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொடைக்கானலுக்கும் அதைத்தான் கேட்டேன், ஏலகிரிக்கும் அதைத்தான். காலை உடைத்துக்கொண்டு உன்னை வரவைத்திருந்தால், வேம்புவுக்குப் பதிலாக எனக்கு மருந்து போட்டிருப்பாய். ஏரியைப் பார்க்கவே மாட்டாய். வெந்நீர் வை, தலையணையை உயர்த்து என்று அறைக்குள்ளேயே சுற்றியிருப்பாய். எனக்கு நர்ஸ் வேண்டியிருக்கவில்லை. அப்படி வருவதற்கு நீ வராமல் இருப்பதே மேல் என்று தோன்றியது. படுத்துக்கொண்டு பொய் எழுதினேன். எழுத எழுத நானே நடந்த மாதிரி இருந்தது. அதுவும் உனக்கு வயிறு எரியும் என்று நினைத்தால் வலிகூடக் குறைந்தது.

காப்பிப் பூ விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த வாசனையைப் புஷ்பம் அவ்வளவு நன்றாகச் சொன்னாள். எந்த மாதம் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவள், எனக்கு வருடம்தான் தெரியும்.

கால் இப்போது சரியாகிவிட்டது. வந்த புதிதில் பக்கத்து ஃபிளாட் பெண் பால் வாங்கிக் கொடுத்தாள். இப்போது நூலகம் வரைக்கும் நடந்துபோய் வருகிறேன். ஆற்று நாற்றம் அடிக்காத நாளில் பாலம் வரைக்கும் போவேன்.

இத்தனையும் எழுதியாயிற்று. ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ எழுதிய அந்த வரி, காத்திருக்க யாரும் இல்லை என்பது, இன்னும் கிடக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது. அதைவிட எரிச்சல் என்ன தெரியுமா? மூன்று முறை பெட்டி கட்டியவள் நான். நீ ஒரு நாள் காலையில் காப்பி குடித்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நேராகப் போய் இறங்கிவிட்டாய். கோட்டூர்புரம் என்ன, அமெரிக்காவிலா இருக்கிறது?

நன்றாக ஏரியைப் பார். கழுத்து பத்திரம்.

ஷகீலா


ஏற்காடு
15-7-2025

ஷகி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் புஷ்பத்தோடு நடக்கப் போனேன். வழியெல்லாம் அழுதேன். அவள், "சளி புடிச்சிருச்சாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீ கோபப்பட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உன்னிடம் சொல்லாமல் ஏன் வந்தேன் என்றால், சொல்லியிருந்தால் நீ "வேண்டாம்" என்றிருப்பாய். உடனே நான் அப்பாடா என்று வீட்டில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு என்னைப் பற்றி இப்போது கொஞ்சம் தெரிகிறது.

உனக்குக் காத்திருக்க யாரும் இல்லை என்று எழுதினேனே, அதை எழுதும்போதே பொய் என்று தெரியும். ஐந்து மாதமாகக் கபாலி கோயில் குளத்துப் பக்கம் போகும்போதெல்லாம், எதிர்சாரியில் நீ வருகிறாயா என்று பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல், பார்க்காமல் போனதும் நிம்மதியாகி, வீட்டுக்கு வந்து இவர்மேல் எரிந்து விழுந்தேன். மன்னித்துவிடு. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், மன்னித்துவிடு.

இங்கே எல்லாம் நீ எழுதிய மாதிரியேதான் இருக்கிறது. ஓடை இருக்கிறது. கல்பாலத்தில் ஒரு கல் ஆடுகிறது, அதை மட்டும் நீ எழுதவில்லை. புஷ்பம் வீட்டில் கேழ்வரகுக் களி சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். காப்பி இப்போது பச்சைக் காயாக இருக்கிறது. தினம் மழை. குரங்கு ஒன்று ஜன்னல் வழியாகக் கை விட்டு என் பிஸ்கட் பொட்டலத்தைக் கொண்டுபோய்விட்டது. கீழே ரிசப்ஷனில் சண்டை போட்டு வேறு அறை வாங்கியிருக்கிறேன். இதிலிருந்து பாதி ஏரி தெரிகிறது. மேனேஜரிடம், நான் ரிடையர்டு டீச்சர், புகார் எழுதினால் நாலு பக்கத்துக்குக் குறையாது என்று சொன்னேன். நீ இருந்திருந்தால் முழு ஏரியையும் வாங்கியிருப்பாய்.

நேற்று இவர் போன் செய்தார். எப்போது வருகிறாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "சரி, வேம்பு வந்திருக்கா, இன்னொரு கண்ணுக்கும் பண்ணணும்கிறா" என்றார். எனக்கு வழக்கம்போல உடனே பெட்டியைத் தேடிக் கண் போயிற்று. பிறகு, "நீங்க மருந்து விடுங்கோ, உங்களுக்கு எல்லாம் வரும்" என்று சொன்னேன். "சீரியல் கதை எனக்குத் தெரியாதே" என்றார். கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மறுபடியும் பெட்டியைப் பார்த்தேன். ஏரிக்கரைக்குப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றேன். காரம். அதற்குப் பிறகுதான் பெட்டி மறந்தது.

இந்த அறையில் இரண்டு கட்டில். இன்னும் பத்து நாளுக்கு எடுத்திருக்கிறேன். எனக்கு ஜுரம் இல்லை, கால் உடையவில்லை, துணைக்கு ஆள் தேவையில்லை. புஷ்பம் இருக்கிறாள், நடக்க வழி இருக்கிறது, தனியாக இருக்கவும் எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் கூப்பிடுகிறேன். இத்தனை வருடமும் நீதான் கூப்பிட்டாய். இந்த முறை நான்.

வாடி.

ஸ்ரீ


கோட்டூர்புரம்
18-7-2025

ஸ்ரீ,

'வாடி'யாம். இவள் கூப்பிட்டதும் ஓடவேண்டும். என் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. நூலகத்தில் எடுத்த புத்தகம் திருப்பிக் கொடுக்கவேண்டும். அடுத்த வாரம் தங்கை வீட்டில் விருந்து. இதையெல்லாம் விட்டுவிட்டு எப்படி வருவது? ஒரு ஆளைக் கூப்பிடுவதற்கு ஒரு முறை இல்லையா? போனை எடுத்துப் பேசினால் என்ன? நான்தான் எடுக்கமாட்டேன் என்று சொன்னேன், உனக்கு என்ன வந்தது?

பக்கத்து ஃபிளாட் பெண்ணிடம் சாவியைக் கொடுத்திருக்கிறேன். பிளம்பரை அவள் பார்த்துக்கொள்வாள். தங்கையிடம் வரவில்லை என்று சொன்னேன். "ஏன், யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

திங்கட்கிழமை ரயிலில் வருகிறேன். சேலத்துக்கெல்லாம் வந்து நிற்காதே. என்னைப் பிடித்துக்கொண்டு படி ஏற்றுகிற வேலையும் வேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை.

சும்மா வருகிறேன்.

ஷகி